உங்களுக்குத் தெரியுமா? ஒலியை விழுங்கும் தேங்காய் நார்

தேங்காய் நார்ப் பலகை உறிஞ்சும் ஒலி அழிந்துபோவதில்லை, வெப்பமாக மாறுகிறது. ஆயினும் இயல்பான பேச்சின் ஒலித்திறன் ஏறத்தாழ ஒரு வாட்டின் லட்சத்தில் ஒரு பங்கே என்பதால், பலகையைத் தொடுபவருக்கு அந்தச் சூடு சற்றும் புலப்படாது.

• நார்களுக்கு இடையிலுள்ள நுண்துளைகளில் காற்று முன்னும் பின்னும் அதிர்ந்து, நாரின் சொரசொரப்பான மேற்பரப்பில் உராய்வதே இம்மாற்றத்துக்குக் காரணம். ஆதலால் துளைகள் அடைபடும் அளவுக்குப் பசையோ வண்ணப்பூச்சோ மிகுந்தால் உறிஞ்சும் திறன் குன்றிவிடும்.

• வலுவூட்டும் நாரும் அதைப் பிணைக்கும் பொருளும் சேர்ந்த இத்தகைய பலகை ‘கலப்புப் பொருள்’ எனப்படும். சுருள வைத்த நாரின்மீது ரப்பர் பாலைத் தெளித்து, அழுத்திச் சூடேற்றிப் பெறப்படும் ரப்பர் நார் விரிப்பு, மெத்தைகளின் உள்ளே நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் இவ்வகைப் பொருளே.

• பலகையின் தரத்தை ‘ஒலி உறிஞ்சு கெழு’ காட்டுகிறது; மேற்படும் ஒலி முழுவதும் திரும்பி எதிரொலித்தால் அதன் மதிப்பு 0, முழுவதும் உறிஞ்சப்பட்டால் 1.

• 100 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட தாழ்ந்த ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர் என்பதால், சில சென்டிமீட்டர் தடிமனுள்ள பலகை அதைப் பெரிதும் உறிஞ்சுவதில்லை. சுவருக்கும் பலகைக்கும் இடையே காற்று இடைவெளி விட்டுப் பொருத்தினால், கூடுதல் நார் இன்றியே தாழ்ந்த ஒலிகளை உறிஞ்சும் திறன் உயர்கிறது.