த்ரீ நாட் த்ரீயும் ஈயச் சொம்பும்: பழைய ராணுவத் துப்பாக்கிக்கு வீட்டில் குண்டு வார்ப்பவர்கள்

போன எபிசோட்ல டேட்டாபேஸ் மைக்ரேஷன் பத்திப் பேசி உங்களைத் தூங்க வெச்சேன்னு நிறைய பேர் எழுதியிருந்தீங்க. இந்த வாரம் சத்தம் ஜாஸ்தி. துப்பாக்கி பத்தின எபிசோட்.

முதல்லயே ரெண்டு விஷயம் சொல்லிடறேன். ஒண்ணு, இது செய்முறை விளக்கம் இல்ல. எவ்வளவு மருந்து, என்ன அளவுங்கிற கணக்கு எதுவும் இதுல வராது. ரெண்டு, நான் இந்தத் துப்பாக்கிகளைச் சுட்டதே இல்ல. ஓஹையோவில் ஆன்சைட் இருந்தப்போ எனக்கு எச்1பி விசா. அந்த மாதிரி தற்காலிக விசாவில் இருக்கிறவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க மத்தியச் சட்டம் அனுமதிக்காது. வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு, ஆனா என்கிட்ட அது இல்ல. அதனால காதுக்கு மஃப் மாட்டிக்கிட்டுப் பின்னாடி நின்னு பார்த்த ஆள் நான். அப்படிப் பின்னாடி நின்னதாலதான் நிறைய கேள்வி கேட்க முடிஞ்சது.

கூட்டிட்டுப் போனவர் எங்க டீமோட டெஸ்டிங் லீட். அறுபதைத் தாண்டியவர், பேச்சு கம்மி, பக் ரிப்போர்ட் மட்டும் நாவல் மாதிரி எழுதுவார்.

ஒரு துப்பாக்கியின் ரிட்டர்ன் டிக்கெட்

அவர்கிட்ட இருந்தது லீ-என்ஃபீல்டு நம்பர் 4. நம்ம ஊர் மொழியில 'த்ரீ நாட் த்ரீ'. பழைய சினிமாவில் கான்ஸ்டபிள் தோளில் தொங்கும் மரத் துப்பாக்கியோட குடும்பம். 2008-ல் மும்பை ரயில் நிலையத் தாக்குதலின்போதும் போலீஸ் கையில் இருந்தது த்ரீ நாட் த்ரீதான். உத்தரப் பிரதேச போலீஸ் அதுக்கு விடை கொடுத்தது 2020 குடியரசு தினத்தில். .303 தோட்டா பிரிட்டிஷ் ராணுவத்துக்குள் வந்தது 1888-ல்! எந்தச் சாஃப்ட்வேருக்கும் இவ்வளவு நீளமான லாங் டேர்ம் சப்போர்ட் கிடைச்சதில்ல.

ஆனா அவரோட துப்பாக்கி இங்கிலாந்தில் செஞ்சது இல்ல. இரண்டாம் உலகப் போரில் லெண்ட்-லீஸ் திட்டத்தின்கீழ் மாசசூசெட்ஸில் சாவேஜ் கம்பெனி பிரிட்டனுக்காகத் தயாரிச்சது. உடம்பில் 'யு.எஸ். ப்ராபர்ட்டி'ன்னு முத்திரை இருக்கு. கப்பல் ஏறி அட்லாண்டிக்கைத் தாண்டி, போர் முடிஞ்சதும் தேவைப்படாமல் போய், சர்ப்ளஸ் சரக்கா திரும்ப அமெரிக்காவுக்கே வந்துடுச்சு. 1960-களின் தொடக்கத்தில் அவரோட அப்பா தபாலில் ஆர்டர் பண்ணி வாங்கினார்.

ஆமா, தபாலில். ஐரோப்பாவின் கிடங்குகளில் இருந்த பழைய துப்பாக்கிகள் அப்போ அமெரிக்காவில் பத்திரிகை விளம்பரம் மூலமா வித்துட்டு இருந்தாங்க. 1963-ல் கென்னடியைக் கொன்ற துப்பாக்கியும் அப்படி வந்த ஒரு இத்தாலிய சர்ப்ளஸ்தான். விளம்பர விலை ஸ்கோப்போட சேர்த்து 19.95 டாலர். அந்தக் கொலையும் அதுக்கப்புறம் நடந்த கொலைகளும் சேர்ந்து 1968-ல் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கொண்டு வந்தன. தபால் விற்பனை, ராணுவ சர்ப்ளஸ் இறக்குமதி ரெண்டுமே நின்னுச்சு. சேகரிப்பாளர்களுக்கான பழைய துப்பாக்கிகளுக்கு மட்டும் 1984-ல் அந்த வாசல் கொஞ்சம் திறந்தது.

அறுப்பதா, வேண்டாமா

அப்பா வாங்கினது சேகரிக்க இல்ல, மான் வேட்டைக்கு. ராணுவத் துப்பாக்கியை வேட்டைத் துப்பாக்கியா மாத்தறதுக்கு 'ஸ்போர்ட்டரைஸ்' பண்றதுன்னு பேர். அந்தக் காலத்து அமெரிக்க கராஜ்களில் இது சாதாரணம். குழலை முழுக்க மூடியிருக்கும் முன்பக்க மரத்தைப் பாதியில் அறுத்துடுவாங்க. மேல்மூடி மரம், பயனெட் மாட்டும் இடம் எல்லாம் போயிடும். சிலர் குழலையும் ரெண்டு மூணு இன்ச் குறைப்பாங்க. ஸ்கோப் வைக்க இரும்பில் துளை போடுவாங்க. எடை குறையும், காட்டில் தூக்கி நடக்கச் சுலபம்.

அவர் அப்பாவும் மரத்தை ஹாக்சாவால் அறுத்து, உப்புத்தாள் போட்டு, எண்ணெய் தேய்ச்சு வெச்சிருந்தார். அறுத்த இடத்தில் ஒரு சின்ன வளைவு. அந்த வளைவை மட்டும் ஒரு மாசம் இழைச்சாராம்.

இன்னிக்கு சேகரிப்பாளர் கண்ணுக்கு அது சிதைக்கப்பட்ட துப்பாக்கி. அன்னிக்குக் கிலோ கணக்கில் கிடைச்சதால யாரும் கவலைப்படல. இப்போ அசல் நிலையில் இருப்பதுக்குத்தான் மதிப்பு. சட்டத்திலும் அப்படித்தான். ஐம்பது வருஷம் தாண்டின துப்பாக்கிக்குக் கிடைக்கும் 'பழம்பொருள்' அந்தஸ்து, அசல் வடிவத்தில் இருந்தால்தான் பொருந்தும். கோடுன்னா பழைய கமிட்டுக்குத் திரும்பலாம், ஹாக்சாவுக்கு ரிவர்ட் கிடையாது.

கடைக் குண்டு ஏன் சரிப்படல

இனி எனக்குப் பிடிச்ச பகுதி. தோட்டான்னு நாம பொதுவா சொல்றதில் நாலு பொருள் இருக்கு. பித்தளைக் கூடு, அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே மருந்து, முனையில் குண்டு. சுட்டதும் குண்டும் மருந்தும் போயிடும், பித்தளைக் கூடு மிஞ்சும். அதுதான் விலை ஜாஸ்தியான பாகம். அதைச் சுத்தம் பண்ணி, புது பிரைமர், மருந்து, குண்டு போட்டு மறுபடி நிரப்பறதுதான் ஹேண்ட்லோடிங்.

குழலுக்குள் சுழல் பள்ளங்கள் இருக்கும். குண்டு அதில் இறுக்கமா உட்கார்ந்து சுழன்றால்தான் நேராப் போகும். பிரச்சினை என்னன்னா, போர்க்காலத்தில் அவசரமா செஞ்ச குழல்கள் எல்லாம் ஒரே அளவு இல்ல. .303 துப்பாக்கிகளில் பள்ளத்தின் விட்டம் சிலதில் 0.313 இன்ச், சிலதில் 0.316-ஐயும் தாண்டும். கடையில் கிடைக்கும் செம்பு உறை போட்ட குண்டுகள் பெரும்பாலும் 0.311 அல்லது 0.312. லேத் பட்டறையில் 'தௌ'ன்னு சொல்வாங்களே, இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதில் மூணு நாலுதான் வித்தியாசம். ஆனா லூசான செருப்பு போட்டு ஓடற மாதிரிதான். ஓடலாம், நேரா ஓட முடியாது.

வீட்டில் ஈயத்தில் வார்த்தால் அந்தப் பிரச்சினை இல்ல. அவர் முதல்ல மெத்துன்னு ஒரு ஈய உருண்டையைக் குழலுக்குள் தட்டி, மறுபக்கம் தள்ளி எடுத்தார். பள்ளத்தின் அச்சு அதில் அப்படியே பதிஞ்சிருந்தது. மைக்ரோமீட்டரில் அளந்து, அதைவிட ஒண்ணு ரெண்டு தௌ பெரிசா குண்டை அமைச்சுக்கிட்டார். அதாவது ரெடிமேட் இல்ல, அளவெடுத்துத் தைச்ச சட்டை.

பெரிசா இருக்கணும்கிறதுக்குக் காரணம் இருக்கு. ஈயக் குண்டு பள்ளத்தைவிடச் சின்னதா இருந்தால், பின்னாலிருந்து வரும் சூடான வாயு பக்கவாட்டில் கசிஞ்சு ஈயத்தை அரிச்சு, குழலின் சுவரில் பூசிடும். 'லெடிங்'னு சொல்வாங்க. அஞ்சாறு தடவை சுட்டதும் குறி சிதற ஆரம்பிக்கும். பலர் 'ஈயம் ரொம்ப மெதுவா இருக்கு, கெட்டியாக்கணும்'னு நினைப்பாங்க. பெரும்பாலும் தப்பு அங்க இல்ல, அளவுலதான் இருக்கும். டெஸ்டிங் லீட் சொன்னது: "எரர் மெசேஜ் ஒரு இடத்தைக் காட்டும், பக் வேற இடத்தில் இருக்கும்."

பாட்டி சமையலறையில் இருந்த உலோகம்

சுத்த ஈயத்தில் யாரும் ரைஃபிள் குண்டு வார்க்க மாட்டாங்க. வெள்ளீயமும் ஆன்டிமனியும் சேர்ப்பாங்க. ரொம்பப் பிரபலமான ஒரு கலவையில் நூற்றுக்கு 90 பங்கு ஈயம், 5 வெள்ளீயம், 5 ஆன்டிமனி. ஆன்டிமனி கெட்டித்தன்மை தரும். வெள்ளீயம் சேர்ந்தால் உருகின உலோகம் அச்சின் மூலை முடுக்கெல்லாம் நல்லாப் பாயும்.

இங்க ஒரு இடைச்செருகல். நம்ம வீட்டு ஈயச் சொம்பு ரசம் இருக்கே, அந்தச் சொம்பு ஈயம் இல்ல, வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு 'ஈயம் பூசறது'ன்னு சொல்றதும் வெள்ளீயம்தான். பேர் ஒண்ணு, உலோகம் வேற. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும், ஈயம் 327-ல். ரசம் எவ்வளவு கொதிச்சாலும் நூறைச் சுத்தித்தான், அதனால் தண்ணி இருக்கிறவரை சொம்பு தப்பிக்கும். காலிச் சொம்பை அடுப்பில் மறந்தீங்கன்னா அவ்வளவுதான், அடுப்புல வெள்ளிக் குளம்! ஆனா மலிவா ஈயம் கலந்து செஞ்ச சொம்பில் புளி ரசம் வெச்சா அது விஷம். நம்பிக்கையான இடத்தில் மட்டும் வாங்குங்க.

குண்டின் அடியில் மாட்டும் மெல்லிய செம்புத் தொப்பிக்கு 'கேஸ் செக்'னு பேர். சூடான வாயு அடிப்பக்கத்தை அரிக்காம அது காக்கும். பக்கத்துப் பள்ளங்களில் தேன்மெழுகு கலந்த மசகு. இவ்வளவும் இருந்தாலும் ஈயத்துக்கு ஒரு எல்லை உண்டு. ராணுவ .303 குண்டு வினாடிக்கு சுமார் 744 மீட்டர் வேகத்தில் கிளம்பும். வார்த்த குண்டை அதைவிட நிறையக் குறைச்சு, 500 மீட்டரை ஒட்டித்தான் பெரும்பாலானவர்கள் சுடறாங்க. தோளில் உதைப்பும் குழலின் தேய்மானமும் குறையும். எண்பது வயசு இரும்புக்கு அது நல்லது.

ஆனா அதில் ஒரு ஆபத்து ஒளிஞ்சிருக்கு. வேகம் குறைவுன்னா மருந்தும் குறைவு. பெரிய கூட்டின் அடியில் கொஞ்சூண்டு மருந்து இருக்கும். கவனம் சிதறி ரெண்டாவது தடவை ஊத்தினாலும் வழியாது, வெளியில் தெரியாது. சுட்டால் துப்பாக்கி வெடிக்கலாம். அதனால அவர் நிரப்பும்போது பாட்டு, போன் எதுவும் கிடையாது. எல்லாக் கூட்டையும் மரப்பலகையில் நிறுத்தி, டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணா உள்ளே பார்ப்பார். எங்க டீமில் யாரோட கோடையும் யாரும் அப்படி ரிவ்யூ பண்ணினதில்ல.

4 மைக்ரோகிராம்

இதையெல்லாம் சொல்லிட்டு அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் இந்த எபிசோட் பண்ணக் காரணம்.

அவர் வருஷக்கணக்கா வீட்டு பேஸ்மென்டில்தான் வார்த்தார். பொண்ணு கைக்குழந்தையோட அவர் வீட்டுக்குக் குடி வந்தாங்க. ஒரு வயசுப் பரிசோதனையில் குழந்தையோட ரத்தத்தில் ஈயம், டெசிலிட்டருக்கு 4 மைக்ரோகிராம். கவனிக்க வேண்டிய எல்லைன்னு அமெரிக்க சிடிசி 2021-ல் வெச்சது 3.5. அதுக்கு முன்னாடி 5. பழைய எல்லைன்னா டாக்டர் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டார். ஆனா குழந்தைக்குப் பாதுகாப்பான ஈய அளவுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. மூளை வளர்ச்சியில் கை வைக்கும் உலோகம் அது.

புகைதான் காரணம்னு நாம நினைப்போம். வார்க்கும் சூட்டில் ஈயம் ஆவியாவது ரொம்பக் குறைவு, அதோட கொதிநிலை 1,749 டிகிரி. நிஜ வில்லன் தூசி. உருகின ஈயத்தின் மேல் திரளும் கசடைத் தூக்கிப் போடும்போது பறக்கும் பொடி. சுடும் இடத்தில் சட்டையில் ஒட்டும் பொடி. அது ஷூவில் ஏறி, படியேறி, தவழும் குழந்தையோட கைக்கு வந்து, அங்கிருந்து வாய்க்குப் போகும்.

"அவ்வளவு டெஸ்ட் பண்ணேன், இதை மட்டும் டெஸ்ட் பண்ணல"ன்னார். அன்னிக்கே அடுப்பை அணைச்சார். பேஸ்மென்டை ஈரத்துணியால் துடைச்சு, தனி வடிகட்டி உள்ள வாக்குவம் போட்டு, வார்க்கும் வேலையை வீட்டை விட்டுத் தள்ளியிருந்த ஷெட்டுக்கு மாத்தினார். அதுக்குன்னே தனி ஷூ, தனி உடுப்பு. வேலை முடிஞ்சு முகம் கை கழுவாம எதையும் தொடறதில்ல. ஆறு மாசத்தில் குழந்தையோட அளவு 2-க்குக் கீழே இறங்குச்சு. இறங்கினதைச் சொல்லும்போதும் அவர் சிரிக்கல.

வீட்டுக்கு வெளியிலும் இதே கதைதான். ஈயத் துணுக்கு இருக்கும் இறைச்சியைத் தின்று கலிஃபோர்னியா காண்டோர் கழுகுகள் செத்தன. 1982-ல் உலகத்திலேயே 22 காண்டோர்தான் மிச்சம். அந்த மாநிலத்தில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு தடை.

ரெண்டாவது துப்பாக்கி

கடைசி நாள் அவர் இன்னொரு துப்பாக்கியைக் காட்டினார். அசோகச் சின்னம். 'ரைஃபிள் 7.62 எம்எம் 2ஏ1', பக்கத்தில் 1967. மேற்கு வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலை. சீனப் போருக்கு அப்புறம் லீ-என்ஃபீல்டையே நேட்டோ தோட்டாவுக்கு மாத்தி நாம செஞ்சது. "உங்க ஊர்ப் பொருள்"னு நீட்டினார். சென்னையில் இருந்து ரயிலில் 1,600 கிலோமீட்டருக்கு மேல்னு சொல்லிட்டு, நான் தொடாம குனிஞ்சு மட்டும் பார்த்தேன்.

நம்ம நாட்டில் .303 சாதாரண ஆளுக்குக் கிடையாது, அது தடை செஞ்ச ரகம். பிரிட்டிஷ் காலத்தில் ஆரம்பிச்ச பழக்கம். அதனாலதான் லைசென்ஸ் எடுக்கிறவங்களுக்கு அதே லீ-என்ஃபீல்டு அமைப்பில் .315ன்னு ஒரு ரகத்தை அதே இஷாப்பூரில் செஞ்சாங்க.

அப்பா பண்ணின மாதிரி இதையும் அறுக்கலாமான்னு அவர் யோசிச்சிட்டு இருந்தார். என்னைக் கேட்டார். நான் சொன்னேன், உங்க அப்பா அறுத்தப்போ அது மலிவான கருவி, அதை அவர் தனக்குன்னு ஆக்கிக்கிட்டார், அந்த வளைவு அவரோட கையெழுத்து. இதை அறுத்தா நீங்க அவரைக் காப்பி பண்றீங்க, அவ்வளவுதான். அவர் துளை போடாம மாட்டும் ஒரு ஸ்கோப் மவுன்ட் வாங்கினார். அசல் மரத்தைத் துணியில் சுத்தி வெச்சிட்டு வேற மரம் மாட்டினார். எப்போ வேணும்னாலும் பழையபடி ஆக்கிடலாம்.

அப்பாவோட அறுத்த துப்பாக்கியில் அன்னிக்கு அஞ்சு குண்டு சுட்டார். நூறு கெஜம். காகிதத்தை எடுத்து வந்து உள்ளங்கையை வெச்சுக் காட்டினார், அஞ்சும் அதுக்குள்ள. அப்புறம் காருக்குப் போகும் முன்னாடி ஷூவைக் கழட்டி ஒரு டப்பாவில் போட்டு மூடினார்.

இதுல உங்களுக்குக் கேள்வி இருந்தா அனுப்புங்க. வீட்டில் பழைய பெயின்ட் உரியுற ஜன்னல் இருந்தா, சின்னக் குழந்தையும் இருந்தா, ரத்தத்தில் ஈயப் பரிசோதனை பத்தி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. அதுக்குத் துப்பாக்கி எதுவும் தேவையில்ல. அடுத்த வாரம் பார்க்கலாம்.