ஓடுகிற படகுக்கு எதற்கு முட்டுக்கட்டை?

"இன்ஜினையும் ஓட விட்டுக்கிட்டு, பக்கத்துல பையையும் கட்டி இழுக்கிறாங்களே அத்தான்! ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் ஒண்ணா மிதிக்கிற கதையால்ல இருக்கு?"

மைத்துனன் போனில் ஏதோ வெளிநாட்டு மீன்பிடி வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், தென் திருப்பதி என்று ஜனங்கள் சொல்லும் திருவண்ணாமலை அடிவாரத்தில். அதுவும் புரட்டாசிச் சனிக்கிழமை. கவுச்சி தொடாத மாதத்தில் பெருமாள் மலையடியில் மீன் பேச்சு! தின்றால்தான் தோஷம், பேசினால் இல்லை என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

அவன் கேட்டது சரிதான். இரண்டையும் சேர்த்துத்தான் மிதிக்கிறார்கள், வேண்டுமென்றே. இது இழுவலை சமாச்சாரம் இல்லை. தூண்டில் கயிற்றைப் படகுக்குப் பின்னால் நீளமாக விட்டு, இரை தண்ணீருக்குள் நீந்துவதுபோல இழுத்துக்கொண்டே போகிற முறை. சென்னையில் வஞ்சிரம் என்றும் கன்னியாகுமரிப் பக்கம் நெய்மீன் என்றும் சொல்கிற மீனை இப்படிப் பிடிக்கலாம். வலையில் நசுங்காமல் வருவதால் தூண்டில் மீனுக்குச் சந்தையில் மதிப்பு அதிகம்.

சிக்கல் வேகத்தில் இருக்கிறது. சூரைக்குப் போலி இரையை 6 நாட் வேகத்தில்கூட இழுக்கலாம். (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்.) வஞ்சிரத்துக்கு உயிர் மீனைக் கொக்கியில் மாட்டிவிட்டால் 2 நாட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இரை மீன் நீந்தாது. பம்பரமாகச் சுழலும், கயிறு முறுக்கேறும், கொஞ்ச நேரத்தில் செத்தும் போகும். அமெரிக்காவின் பேரேரிகளில் வால்ஐ என்ற மீனைத் தேடுகிறவர்களும் மணிக்கு இரண்டிலிருந்து நான்கு கிலோமீட்டருக்குள்தான் போகிறார்கள். மனிதன் நடக்கிற வேகத்துக்கும் குறைவு.

"அப்ப இன்ஜினைக் குறைச்சு வைக்க வேண்டியதுதானே?"

குறைக்கலாம் மாப்ளே, ஓரளவுக்கு. பெரிய அவுட்போர்டு இன்ஜினைக் கியரில் போட்டு அடிமட்டத்தில் ஓடவிட்டாலே லேசான ஃபைபர் படகு மூன்று நாட்டை எட்டிவிடும். சிலர் கியரைப் போட்டுப் போட்டு எடுப்பார்கள். அப்போது இரை ஒருமுறை அமிழும், ஒருமுறை துள்ளும். அப்படியே குறைந்தாலும் வேறொரு வம்பு வரும். ரோட்டு வண்டிக்கு டயர் தரையைப் பிடித்திருக்கிறது. ஊர்ந்து போனாலும் ஸ்டியரிங் கேட்கும். படகுக்குப் பிடிமானமே புரொப்பல்லர் பின்னால் தள்ளுகிற தண்ணீர்தான். தள்ளு குறைந்தால் திருப்புகிற சக்தியும் குறையும். கச்சான் காற்று பக்கவாட்டில் அடித்தால் படகின் முன்பக்கம் ஒரு புறமாக ஒதுங்கிவிடும். தூண்டில் கயிறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்.

எனவே பையின் முதல் வேலை வேகத்தைக் குறைப்பது என்று நான் சொல்ல மாட்டேன். இன்ஜின் கொஞ்சம் பலமாகத் தள்ளுவதற்கு அது இடம் கொடுக்கிறது. தள்ளினால்தான் படகு சொன்ன பேச்சைக் கேட்கும்.

பை என்பது வாய் அகன்ற துணிக் கூம்பு. வால் நுனியில் தண்ணீர் வெளியேற ஒரு சின்ன ஓட்டை. தண்ணீரின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஒரு மீட்டர் அகல வாயுள்ள பையை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தால், 1 நாட்டில் சுமார் 14 கிலோ எடை அளவுக்குப் பின்னால் இழுக்கும். 2 நாட்டில் 55 கிலோ. 4 நாட்டில் 220 கிலோ! வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்கு. படகு அலையிறக்கத்தில் சறுக்கி வேகமெடுக்கும்போது பை உடனே பலமாகப் பிடிக்கிறது. வேகம் தணிந்ததும் பிடியைத் தளர்த்துகிறது. யாரும் கைவைக்காமலே வேகம் சீராகிறது. இன்ஜின் திராட்டிலை நிமிஷத்துக்கு ஒருமுறை திருகினாலும் இந்தச் சீர் வராது.

மைத்துனனுக்குச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெசவு. அவன் கவலை அவனுக்கு. "துணி என்ன துணி?" என்றான். அவன் நெய்கிற கண்ணறைத் துணி இதற்கு ஆகாது; தண்ணீர் ஊடுருவிப் போய்விடும். கித்தான் கொஞ்ச காலம் தாங்கும். நனைந்தபடி மடித்துப் போட்டால் மக்கிவிடும். நெருக்கமாக நெய்த நைலானோ, பிவிசி பூசிய துணியோதான் தோது. ஒரு மீட்டர் வாய், ஒன்றரை மீட்டர் நீளம் என்றால் இரண்டரைச் சதுர மீட்டர் துணி போதும். ஆனால் பாரத்தைத் துணி தாங்கக் கூடாது. வாயிலிருந்து வால்வரை தைத்த நாடாப் பட்டைகள்தான் அதைச் சுமக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் இழுப்பிலேயே தையல் பிரியும்.

இதே வித்தை நம் கரைக்குப் புதிதில்லை. வழிவலைக்காரர்கள் வலையைக் கடலில் இறக்கி, அதன் ஒரு முனையைப் படகில் கட்டிக்கொண்டு, இன்ஜினை நிறுத்திவிட்டு இரவெல்லாம் மிதப்பார்கள். காற்று படகைத் தள்ளப் பார்க்கும், தண்ணீருக்குள் கிடக்கும் வலை விடாது. மீன் பிடிக்கிற வலையே பிரேக்காகவும் உழைக்கிறது. ஜப்பானியக் கணவாய்ப் படகுகளோ இதற்கென்றே பெரிய பாராசூட்டைத் தண்ணீருக்குள் விரித்துவிட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கின்றன.

தூண்டில் இழுக்கும்போது பையைக் கட்டும் இடம் முக்கியம். பக்கத்துக்கு ஒன்றாக, படகின் முன்பாதியில், கயிற்றைக் குட்டையாக விட்டுக் கட்ட வேண்டும். பை முழுக்கப் பின்னால் நீண்டாலும் புரொப்பல்லரைத் தொடக் கூடாது. கயிறு சுற்றிக்கொண்டால் நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோகும். பின்பக்கம் கட்டினால் தூண்டில் கயிறும் சிக்கும், அலை எழும்பும் நாளில் படகின் தாழ்ந்த பின்பலகை வழியே தண்ணீரும் ஏறும்.

"சரி, வெளியே எப்படி எடுக்கிறது?"

நான் எதிர்பார்த்த கேள்வி. அந்த ஒரு மீட்டர் பைக்குள் ஏறக்குறைய 400 லிட்டர் தண்ணீர் நிற்கும். வாய்ப்பக்கம் பிடித்துத் தூக்க நினைத்தால் இடுப்பு போய்விடும். அதனால் வால் நுனியில் ஒல்லியான இன்னொரு கயிறு கட்டி, படகில் தளர்வாக வைத்திருப்பார்கள். மீன் மாட்டியதும் இன்ஜினை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து அந்த வால் கயிற்றைச் சுண்ட வேண்டும். பை தலைகீழாகிறது, தண்ணீர் வாய் வழியே கொட்டிவிடுகிறது, ஈரத் துணி மட்டும் கைக்கு வருகிறது. பெரிய மீன் ஓடும்போது பை தண்ணீரிலேயே கிடந்தால், அதைச் சுற்றிக்கொண்டு கயிற்றை அறுத்துவிடும். பையை மறந்துவிட்டுத் திராட்டிலைத் திறப்பது அதைவிட மோசம். 220 கிலோ என்றேனே, அந்த இழுப்பு நேராகக் கயிறு கட்டிய கொண்டியில்தான் இறங்கும். ஃபைபர் படகென்றால் கொண்டி பலகையோடு பிய்த்துக்கொண்டு வரும்.