நாடி சொல்லும் பாரம்



தூத்துக்குடி உப்பளங்களில் கொளுத்தும் வெயிலில் உப்பைத் தலையில் சுமந்து செல்லும் தாய்மார்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சுமை எத்தனை கிலோ என்று தராசு சொல்லிவிடும். அதைச் சுமக்க உடல் படும் பாட்டை எது சொல்லும்? மணிக்கட்டில் துடிக்கும் நாடி சொல்லும்.

உழைக்கும் தசைகளுக்குப் பிராணவாயுவை இரத்தம் கொண்டுபோகிறது. வேலை கடினமாக ஆக இருதயம் வேகமாய்த் துடிக்கிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 70 அல்லது 80 ஆக இருக்கும் நாடி, கடும் வேலையில் 125-ஐத் தாண்டிவிடும். இந்தியத் தொழிலாளி நாள் முழுவதும் தாங்கக்கூடிய வேலைக்கு ஏறக்குறைய 110 துடிப்பே அளவு என்று பம்பாய் மத்திய தொழிலாளர் நிறுவன ஆய்வாளர்கள் 1979-இல் கணித்தார்கள்.

வெயிலில் இருதயத்துக்கு இன்னொரு வேலையும் சேருகிறது. உடற்சூட்டை வெளியேற்ற, தோலுக்கும் அது இரத்தம் அனுப்ப வேண்டும். வியர்வையால் உடலில் நீர் குறைந்தால் துடிப்பு மேலும் ஏறும். ஆகவே காலையில் தாங்கிய அதே சுமை நண்பகலில் தாங்காது. இரத்தசோகை, காய்ச்சல், பயம் ஆகியவையும் நாடியைக் கூட்டும் என்பதை மறக்கக் கூடாது.

இதை அறியக் கருவி எதுவும் வேண்டாம். விநாடி முள் உள்ள கடிகாரம் போதும். லூசியன் புரூஹா என்ற உடலியல் அறிஞர் வகுத்த முறை இது. வேலையை நிறுத்தியவுடன் உட்காரச் செய்யுங்கள். முதல் நிமிடத்தின் பிந்திய 30 விநாடிகள் நாடியை எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். மூன்றாம் நிமிடத்திலும் அவ்வாறே எண்ணுங்கள். முதல் எண் 110-க்கு மேற்படாமல், மூன்றாவது அதைவிடப் பத்தாவது குறைந்திருந்தால் உடல் தேறி வருகிறது. முதல் எண் அதிகமாயிருந்து, பிறகும் இறங்காவிட்டால் வேலை உடலை மிஞ்சிவிட்டது என்று அறியலாம்.

மூச்சடக்கிச் சங்கு குளிப்பவருக்கு மட்டும் இந்தக் கணக்குப் பொருந்தாது. முகம் நீரில் அமிழ்ந்து மூச்சு நின்றதும், உழைக்கும்போதே நாடி தானாகத் தணியும்.

தமிழக உப்பளத் தொழிலாளரைப் பற்றி 2023-இல் வெளியான ஆய்வில், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பாதுகாப்பான வெப்ப அளவைத் தாண்டி உழைப்பது தெரியவந்தது. சிலருக்குச் சிறுநீரகம் பழுதடையத் தொடங்கியிருந்தது. கழிப்பிடம் இல்லாததால் தண்ணீர் குடிக்காமலே உழைக்கும் பெண்களும் உண்டு. நிழல், குடிநீர், கழிப்பிடம், இடையிடையே ஓய்வு: இந்த நான்கும் கிடைத்தால் நாடி இறங்கும். மருந்துக்கு முன்னே கொடுக்க வேண்டியவை இவையே.