முதல் மணி – 7: ஆளுக்கொரு துண்டுத் தாள்

டோக்கியோவின் டோமோயி பள்ளியில், புதிதாகச் சேர வந்த சிறுமி பேசி முடிக்கும்வரை தலைமையாசிரியர் கோபயாஷி நான்கு மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். மொத்தமே ஐம்பது பிள்ளைகள், ரயில்பெட்டி வகுப்பறைகள், காதுகொடுத்துக் கேட்க நேரமுள்ள ஒரு மனிதர். இந்த வாரக் கதைக்கு அந்த நிதானம் வாய்க்கவில்லை. ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்தே வளர்ந்த பிள்ளைகளை, நீதிமன்ற உத்தரவின் பேரில் ஒரே வகுப்பில் கொண்டுவந்து உட்காரவைத்த ஊரின் கதை இது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத் தலைநகர் ஆஸ்டின். 1928-ல் அந்த நகரம் தனக்கென ஒரு வளர்ச்சித் திட்டம் வகுத்தது. கறுப்பின மக்களுக்கான பள்ளி, பூங்கா போன்ற வசதிகளை ஊரின் கிழக்குப் பகுதியில் மட்டும் வைப்பது என்பது அதில் ஓர் அம்சம். யாரையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. பிள்ளையைப் படிக்கவைக்க வேண்டுமென்றால் கிழக்கே குடிபோக வேண்டியதுதான். பின்னாளில் அந்த எல்லைக்கோட்டின் மேலேயே பெரிய நெடுஞ்சாலையும் வந்தது. நிறத்தைக் காட்டிப் பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளிகளில் வைக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-லேயே சொல்லிவிட்டது. தீர்ப்பு ஆஸ்டின் வகுப்பறைகளுக்குள் முழு வேகத்தோடு நுழைய மேலும் 17 ஆண்டுகள் ஆயின. 1971-ல் கிழக்குப் பகுதியின் பெருமையாக இருந்த ஆண்டர்சன் உயர்நிலைப் பள்ளியை மூடினார்கள். அங்கே படித்த கறுப்பினப் பிள்ளைகள் பேருந்தில் ஏறி, நெடுஞ்சாலையைத் தாண்டி, தங்களை வரவேற்காத பள்ளிகளுக்குப் போனார்கள்.

வெள்ளையர், கறுப்பினத்தவர், மெக்சிகோ வம்சாவளியினர் என மூன்று தரப்புப் பிள்ளைகளும் முதன்முறையாகப் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் உட்கார்ந்தார்கள். சில வாரங்களுக்குள் தாழ்வாரங்களிலும் மைதானங்களிலும் கைகலப்பு. பள்ளி நிர்வாகம் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்த ஓர் உளவியல் பேராசிரியரைக் கூப்பிட்டது. அவர் எலியட் ஆரன்சன். வயது 39.

அடிவாங்கும் பிள்ளையின் மனம் ஆரன்சனுக்குப் புத்தகம் படித்துத் தெரிந்ததல்ல. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ரெவீர் என்ற ஊரில், யூதக் குடும்பங்களே இல்லாத தெருவில் ஏழையாக வளர்ந்தவர் அவர். ஹீப்ரு வகுப்பு முடிந்து இருட்டில் வீடு திரும்பும்போது மற்றப் பையன்கள் வழிமறித்து அடிப்பார்கள். ஒருநாள் மூக்கில் ரத்தம் வழிய நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து அவர் யோசித்தாராம்: என்னை யாரென்றே தெரியாத இவர்களுக்கு என்மேல் ஏன் இத்தனை வெறுப்பு? கொஞ்சம் பழகினால் பிடித்துப்போகுமா? 2010-ல் வந்த தன்வரலாற்றில் இந்தக் காட்சியை அவர் எழுதியிருக்கிறார்.

ஆஸ்டின் பள்ளிகளில் அவர் முதலில் செய்தது, பேசாமல் உட்கார்ந்து பார்த்தது. அவரும் அவருடைய ஆராய்ச்சி மாணவர்களும் வகுப்பறைகளில் ஓரமாக இருந்து கவனித்தார்கள். சண்டைக்கு ஆலோசனை கேட்டுக் கூப்பிட்டால், மனிதர் பாடம் நடப்பதையல்லவா வேடிக்கை பார்க்கிறார் என்று தோன்றக்கூடும். விஷயம் அங்கேதான் இருந்தது.

ஆசிரியை ஒரு கேள்வி கேட்கிறார். ஆறேழு கைகள் விருட்டென்று உயர்கின்றன. சிலர் இருக்கையிலிருந்து எழும்பி எழும்பிக் கையை ஆட்டுகிறார்கள். நம் ஊர் என்றால் கூடவே "மிஸ், மிஸ், நான் சொல்றேன் மிஸ்" என்ற கூச்சலும் இருந்திருக்கும். மற்றவர்கள், ஆசிரியையின் கண்ணில் படாமலிருக்கத் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். ஆசிரியை ஒருவரைக் கூப்பிட்டதும் கை தூக்கிய மற்றவர்களின் முகம் வாடுகிறது. கூப்பிடப்பட்டவர் தப்பாகச் சொல்லிவிட்டாலோ, வாடிய முகங்களில் வெளிச்சம்; கைகள் மறுபடி உயர்கின்றன. பக்கத்து மேசைக்காரன் தோற்றால்தான் தனக்கு வாய்ப்பு. ஒரு நாளில் எத்தனை கேள்விகளோ, அத்தனை முறை இந்தப் பாடத்தைப் பிள்ளைகள் படிக்கிறார்கள். கிழக்குப் பகுதியின் வசதி குறைந்த பள்ளிகளிலிருந்து வந்தவர்கள் இந்த ஓட்டத்தைப் பின்தங்கிய இடத்திலிருந்தே தொடங்கினார்கள். ஒருவரைப் பற்றி மற்றவருக்கு ஏற்கெனவே இருந்த எண்ணம் ஒவ்வொரு கேள்வியிலும் உறுதிப்பட்டது.

ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றி ஆரன்சன் பலமுறை எழுதியிருக்கிறார். கார்லோஸ் என்பது அவர் அவனுக்கு வைத்த புனைபெயர். வீட்டில் ஸ்பானிய மொழி. ஆங்கிலம் வரும், ஆனால் நிதானமாக, தன் சாயலோடு வரும். புதிய பள்ளியில் ஆரம்ப நாட்களில் வாய்திறந்தபோது பிள்ளைகள் சிரித்தார்கள். அதன்பின் அவன் பேசுவதை நிறுத்திக்கொண்டான். ஆசிரியை நல்லவர். பையன் கூச்சப்படுகிறானே என்று அவனிடம் கேள்வி கேட்பதை விட்டுவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல் இருவருக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தம்: நீ என்னைக் கேட்காதே, நான் உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன். கேலி செய்தவர்களைவிட இந்த இரக்கம் அவனை ஆழமாகப் புதைத்தது. இவனிடம் கேட்டு எதுவும் ஆகப்போவதில்லை என்று வகுப்பு முழுக்க முடிவுகட்டியது. அவனும் அதை நம்பத் தொடங்கினான்.

தமிழ்நாட்டில் இந்தக் காட்சியை ஆறாம் வகுப்பின் முதல் வாரத்தில் தேடலாம். நாலைந்து ஊர்த் தொடக்கப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள், ஜூன் மாதம் ஒரே உயர்நிலைப் பள்ளியில் வந்து சேர்கிறார்கள். ஊர் ஊராகப் பெஞ்ச் பிடிக்கிறார்கள். யாரோ ஒருவர் லீடர் ஆகிறார்; பேசியவர்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதுகிறார். யார் முதல் பெஞ்ச், யார் கடைசி பெஞ்ச், யாருக்கு வாயே கிடையாது என்பதெல்லாம் அரையாண்டுத் தேர்வுவரை காத்திருப்பதில்லை. பதினைந்து நாளில் முடிவாகிவிடுகிறது.

ஆரன்சன் குழு என்ன செய்தது? எல்லாரும் நட்பாக இருங்கள் என்று அறிவுரை சொல்லவில்லை. சுவரில் வாசகம் ஒட்டவில்லை. பாடத்தைத் துண்டாக்கியது.

உதாரணத்துக்கு, எலினோர் ரூஸ்வெல்டின் வாழ்க்கை வரலாறு பாடம் என்று வைத்துக்கொள்ளலாம். அதை ஆறு பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். வகுப்பை ஆறு பேர் கொண்ட குழுக்களாக்க வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் எல்லாத் தரப்பும் கலந்திருக்க வேண்டும். ஒருவருக்கு அவருடைய குழந்தைப் பருவம், இன்னொருவருக்குத் திருமணத்துக்குப் பிந்தைய காலம் என்று ஆளுக்கொரு துண்டுத் தாள். மற்றவர் கையிலிருப்பதைப் பார்க்க முடியாது. தேர்வு மட்டும் முழுப் பாடத்திலிருந்தும் வரும். ஆறு துண்டும் சேர்ந்தால்தான் படம் முழுமையாகும் என்பதால் ஜிக்சா வகுப்பறை என்று பெயர் வைத்தார்கள்.

நடுவில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. இந்த முறையின் உயிர் அங்கேதான். தன் குழுவிடம் பேசுவதற்கு முன், ஒரே துண்டைப் பெற்ற பிள்ளைகள் எல்லாக் குழுக்களிலிருந்தும் எழுந்து வந்து தனியே கூடுகிறார்கள். புரியாததைக் கேட்டுக்கொள்கிறார்கள், எப்படிச் சொல்லலாம் என்று ஒத்திகை பார்க்கிறார்கள். தட்டுத்தடுமாறி வாசிக்கும் பிள்ளைகூடத் தன் குழுவுக்குத் திரும்பும்போது வெறுங்கையோடு போவதில்லை.

கார்லோஸின் முறை வந்தது. தெரிந்ததைச் சொல்ல அவன் திணறினான். குழுவில் பழையபடி கேலி கிளம்பியது. பக்கத்திலிருந்த ஆராய்ச்சி உதவியாளர் அதட்டவில்லை. கேலி செய்வதென்றால் செய்யலாம்; ஆனால் இந்தப் பகுதி அவனுக்கு மட்டும்தான் தெரியும், தேர்வோ இன்னும் கொஞ்ச நேரத்தில், என்று நினைவூட்டிவிட்டு நகர்ந்தார். பழக்கம் ஒரே நாளில் போகவில்லை. ஆனால் சில நாட்களில் பிள்ளைகள் தாமாகவே ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். கார்லோஸிடம் சரியான கேள்வியைக் கேட்டால் பதில் வருகிறது. நேர்காணல் எடுப்பவரைப் போல, பொறுமையாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கத் தொடங்கினார்கள். அவனுக்கும் பேச்சு சரளமானது. அவன் நாம் நினைத்த மாதிரி முட்டாள் இல்லை என்று அவர்களுக்குப் பட்டது. அவனுக்கும் அவர்களைப் பிடிக்க ஆரம்பித்தது.

இதற்காகப் பள்ளி நேரம் முழுவதையும் மாற்றவில்லை. நாளில் ஒரு மணி நேரம் இப்படி நடந்தாலே போதும் என்று ஆரன்சன் எழுதினார். வழக்கமான முறையில் படித்தவர்களோடு ஒப்பிட்டபோது, குழுவாகப் படித்த பிள்ளைகளுக்கு ஒருவரையொருவர் பிடித்திருந்தது, பள்ளியும் பிடித்திருந்தது, தங்கள்மேலான மதிப்பும் கூடியிருந்தது. ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் 300-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் இரண்டு வாரம் நடத்திய ஓர் ஆய்வு 1976-ல் வெளியானது. கறுப்பின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்திருந்தது. வெள்ளையர் பிள்ளைகளின் மதிப்பெண் குறையவில்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்ற பெற்றோரின் கவலைக்கு அன்று கிடைத்த பதில் அது.

ஆரன்சனின் மாணவி டயேன் பிரிட்ஜ்மேன் செய்த சோதனை இன்னும் நுட்பமானது. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு படக்கதை காட்டினார். அப்பாவை விமானத்தில் அனுப்பிவிட்டு ஒரு சிறுவன் சோகமாக இருக்கிறான். பிறகு தபால்காரர் ஒரு பொட்டலம் கொண்டுவருகிறார். பிரித்தால் பொம்மை விமானம். சிறுவன் அழுகிறான். ஏன் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். தபால்காரர் என்ன நினைத்திருப்பார் என்பதுதான் கேள்வி. தங்களுக்குத் தெரிந்த காரணம் அவருக்கும் தெரிந்திருக்கும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். எட்டு வாரம் ஜிக்சா முறையில் படித்தவர்கள், அந்த மனிதர் குழம்பிப்போய் நின்றிருப்பார் என்பதை மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அடுத்தவர் வாயிலிருந்து பாடத்தைக் கேட்டுக் கேட்டு, அடுத்தவர் கண்ணால் பார்க்கவும் பழகியிருந்தார்கள்.

எல்லா இடத்திலும் இது பலித்ததா என்றால், இல்லை. பிரான்சில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஐந்து சோதனைகள் நடத்திய ஆய்வாளர்கள், கற்றலில் சொல்லத்தக்க ஆதாயம் தெரியவில்லை என்று 2022-ல் எழுதினார்கள். மதிப்பெண்ணுக்காக மட்டும் இந்த முறையைக் கையில் எடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் ஆஸ்டினில் பேராசிரியரைக் கூப்பிட்டது மதிப்பெண் குறைந்ததற்காக அல்ல. பிள்ளைகள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டதற்காக.

பல ஆண்டுகள் கழித்து ஆரன்சனுக்கு ஒரு கடிதம் வந்தது. அவர் எழுதிய கார்லோஸ் கதையைக் கல்லூரியில் படித்த மாணவர் ஒருவர், அது தானேதான் என்று எண்ணி எழுதியிருந்தார். ஏழு பிள்ளைகள் உள்ள வீட்டில் கல்லூரிக்குப் போனது அவர் ஒருவர்தான். ஹார்வர்ட் சட்டக் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்திருந்தது.

ஒரே அறையில் உட்காரவைத்ததும் குழு உருவாகிவிடாது என்பதும் ஆஸ்டின் தந்த அனுபவம். அதனால், பள்ளி திறந்த முதல் நாட்களில் பாடத்துக்கு முன்பாக விளையாட்டு வைக்கும் ஆசிரியர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அதில் ஒன்று உடைந்த சதுரங்கள். செலவு, ஐந்து அட்டை, ஒரு கத்தரிக்கோல், ஐந்து உறை.

சம அளவுள்ள ஐந்து சதுர அட்டைகளைப் பல துண்டுகளாக வெட்டி, கலந்து, ஐந்து உறைகளில் போட்டுவிட வேண்டும். மேசையைச் சுற்றி ஐந்து பேர், ஆளுக்கொரு உறை. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு முழுச் சதுரம் உருவானால் ஆட்டம் முடியும். பேசக் கூடாது. சைகை காட்டக் கூடாது. அடுத்தவரிடமிருந்து எடுக்கக் கூடாது, கேட்கவும் கூடாது. தன்னிடம் இருப்பதைக் கொடுக்க மட்டும் செய்யலாம்.

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று சீக்கிரமே தன் சதுரத்தை முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். மற்ற நால்வரும் துண்டுகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார்கள், சேராது. சதுரம் செய்யப் பல வழிகள் உண்டு. ஐந்து சதுரமும் ஒருசேர அமைய ஒரே வழிதான். அந்தப் பிள்ளை முடித்து வைத்திருப்பது, மற்றவர்களை முடிக்கவிடாத சதுரம். ஆசிரியரும் வாய்திறக்க மாட்டார். நிமிடங்கள் போகும். கையைக் கட்டியிருந்த பிள்ளை எதிரே இருப்பவர்களின் மேசையை மெல்லப் பார்க்கும், தன்னுடையதைப் பார்க்கும். பிறகு, முடித்து வைத்த சதுரத்தைத் தானே கலைத்து, ஒரு துண்டை எடுத்து எதிரே நீட்டும்.

(தொடரும்)