இலவச நிகழ்ச்சிக்கு யார் நெல் அளந்தார்கள்?

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் செப்புத் திருமேனிகளைப் பார்க்க டிக்கெட் எடுக்கணும். அங்கிருந்து நடந்துபோகிற தூரத்தில் பெரிய கோயில். ஐப்பசி சதயத்தன்று சாயங்காலம் அங்கே போனால் நாகசுரம், தேவாரம், பரதம் எல்லாம் ஒரு பைசா செலவில்லாமல் பார்க்கலாம், கேட்கலாம். துண்டை விரித்து உட்கார்ந்தால் போதும்.

இலவசம் என்பது பார்க்கிறவருக்குத்தான். ஆடுகிறவர் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? மென்பொருள் தொழிலில் இருப்பதால் எனக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. கட்டற்ற மென்பொருளை யாரும் சும்மா இறக்கிக்கொள்ளலாம். ஆனால் ராத்திரி கண்விழித்து அதைப் பராமரிக்கிற ஆளுக்கு எங்கிருந்தாவது சாப்பாடு வரணும். வராவிட்டால் ஒருநாள் விட்டுவிட்டுப் போய்விடுவார்.

பெரிய கோயிலைப் பொறுத்தவரை இதற்கான பதில் சுவரிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. ராஜராஜனின் 29-ம் ஆட்சியாண்டு, அதாவது 1014-ஐச் சேர்ந்த கல்வெட்டு. தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் 66-ம் எண். சோழ நாட்டுக் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து தஞ்சாவூரில் குடியேற்றிய விவரம் அதில் இருக்கிறது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்று வரிசையாகப் போகும். திருவாரூர், திருவையாறு, பழையாறு, நாகப்பட்டினம் என்று ஊர்கள் வரும். நம் ஆட்கள் இன்றைக்கு எக்செல் ஷீட்டில் போடுகிற அட்டவணையேதான், கல்லில். முதல்தடவை படித்தபோது கதை எதுவும் இல்லையே என்று சலிப்பாகத்தான் இருந்தது. போகப்போகத்தான் அந்த வரிசையின் ருசி தெரிந்தது.

இந்த 400 பேருக்கும் ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. பங்கு என்றால் ஒரு வேலி நிலத்தின் வருமானமான 100 கலம் நெல். நட்டுவனாருக்கு இரண்டு பங்கு. இவர்களோடு பாடுகிறவர், கொட்டுகிறவர், கணக்கெழுதுகிறவர், தையல்காரர், வண்ணார், நாவிதர் வரைக்கும் பட்டியல் நீளுகிறது. ஆடுகிறவருக்குத் துணி வெளுக்கிறவரும் சேர்ந்தால்தான் நிகழ்ச்சி நடக்கும் என்று தெரிந்த யாரோ போட்ட பட்டியல் இது.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரு கலம் 12 மரக்கால். 100 கலம் 1,200 மரக்கால். வருஷத்தை 360 நாள் என்று வைத்தால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்றேகால் மரக்காலுக்குக் கொஞ்சம் மேலே. எங்க பக்கம் ரெண்டு கலம் ஒரு மூட்டை என்பார்கள். அப்படிப் பார்த்தால் வருஷத்துக்கு 50 மூட்டை (சோழர் மரக்கால் அளவில் முன்னப்பின்ன இருக்கும்). ஆக, ஆடுகிற 400 பேருக்கு மட்டும் 400 வேலி. இன்றைய தஞ்சாவூர் வேலிக் கணக்கில் சுமார் 2,660 ஏக்கர்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வாரிசு விதி. ஒருவர் இறந்துபோனாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அந்தப் பணியைச் செய்து நெல்லைப் பெறலாம். உறவினருக்குத் தகுதி இல்லையா? தகுதியுள்ள வேறொருவரை அவரே வைத்துச் செய்விக்கணும். உறவினரே இல்லாவிட்டால் அதே பணியில் இருக்கிற மற்றவர்கள் ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். கலைஞர் போனாலும் கலைக்கான ஒதுக்கீடு போகக்கூடாது என்பதுதான் கணக்கு. அந்தப் பெண்கள் விரும்பித்தான் வந்தார்களா என்பதைப் பற்றிக் கல்வெட்டில் ஒரு வார்த்தை கிடையாது. அதை மறந்துவிட்டுப் பெருமை மட்டும் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

பின்னால் இரண்டாம் ராஜேந்திரன் காலத்தில் இன்னொரு கல்வெட்டு. வைகாசித் திருவிழாவில் ராஜராஜேஸ்வர நாடகம் நடிக்கிற சாந்திக்கூத்தனுக்குத் தினம் ஒரு தூணி நெல், வருஷத்துக்கு 120 கலம். தூணி என்றால் நாலு மரக்கால். 360 நாளால் பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். விழா சில நாள்தான், படியளப்பதோ வருஷம் முழுக்க. அந்த நாடகத்தின் ஒரு வசனம்கூட இன்று நம்மிடம் இல்லை. சம்பளக் கணக்கு மட்டும் தங்கிவிட்டது.

தஞ்சாவூர் பக்கத்து மெலட்டூர் பாகவத மேளாவுக்கும் அடித்தளம் நிலம்தான். அச்சுதப்ப நாயக்கர் வீடும் நிலமும் கொடுத்துக் குடியேற்றிய ஊர் என்பதால் அச்சுதபுரம் என்றும் பெயர். நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி, வரதராஜப் பெருமாள் கோயில் முன்னால், ராத்திரி முழுக்கத் தெலுங்கு நாடகம். பெண் வேஷமும் ஆண்களே கட்டுவார்கள். இப்போது நடிக்கிறவர்களில் பலர் வெளியூர் வேலையிலிருந்து லீவு போட்டு வருகிறவர்கள். வேலி நிலம் இருந்த இடத்தில் மாதச் சம்பளமும் நன்கொடையும் நிற்கின்றன.

சதய விழாவை 2022-லிருந்து அரசு விழாவாகக் கொண்டாடுகிறார்கள், நல்ல விஷயம். ஆனால் ஊர் ஊராக நடக்கிற எத்தனையோ இலவச மாலைகளில் கலைஞருக்குக் கிடைப்பது சால்வையும் ஒரு கேடயமும்தான். எனக்குத் தெரிந்த நாகசுரக்காரர் ஒருவர் அப்படி ஒரு கூப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து சொன்னார்: "சால்வை பதினேழு இருக்கு தம்பி. வண்டிச் சத்தமாவது குடுத்திருக்கலாம்." அவர் பையன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். வாசிக்கத் தெரியும். வருஷத்தில் மூன்று முகூர்த்தத்துக்கு வந்துபோகிறான்.