எல்லையோரச் செவிலியரும் ஊதிய ஏற்றத்தாழ்வும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்து சென்றால் இஞ்சிவிளையை அடுத்துக் களியக்காவிளை வருகிறது. அங்கே கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. சாலையின் இரு பக்கத்துச் சிற்றூர்களிலும் தமிழும் மலையாளமும் கலந்தே வழங்குகின்றன. நோயுற்றவர்கள் மாநில எல்லையைப் பார்த்து மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பதில்லை. விளவங்கோடு வட்டத்து மக்கள் கடும் நோய்க்குத் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடிச் செல்வது நெடுங்கால வழக்கம்.

இம்மருத்துவமனைகளில் பணிபுரியும் செவிலியரின் நிலை வேறு. மூன்றாண்டுப் பட்டயப் படிப்போ நான்காண்டுப் பட்டப் படிப்போ முடித்துப் பதிவு பெற்றவர்களின் கல்வித் தகுதி நாடெங்கும் ஒன்றே. ஆனால் அவர்கள் பெறும் ஊதியமும் பணி நேரமும் விடுப்பும் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் பெரிதும் வேறுபடுகின்றன. இவ்வேறுபாட்டிற்கு மாநில எல்லையே காரணம் என்று மேலோட்டமாகப் பார்ப்போர் கருதலாம். உண்மையில், அதனைத் தீர்மானிப்பதில் மாநில எல்லையைவிட நியமன முறைக்கே பெரும்பங்கு உண்டு.

ஒரே சமஸ்தானம், இரு நிர்வாகங்கள்

1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் வரை இப்பகுதி முழுவதும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தது. அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆயினும் மருத்துவ மரபு ஒன்றாகவே வளர்ந்தது. இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே 1838-இல் தொடங்கிய நெய்யூர் மருத்துவமனை இன்று தமிழ்நாட்டில் உள்ளது. அம்மருத்துவமனையில் பல்லாண்டு பணியாற்றிய டாக்டர் சாமர்வெல்லின் பெயரைத் தாங்கிய மருத்துவக் கல்லூரி, எல்லைக்கு அப்பால் நெய்யாற்றின்கரை வட்டாரத்துக் காரக்கோணத்தில் நடைபெறுகிறது.

அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலின் 6-ஆவது இனமாக இடம்பெற்றுள்ளன. எனவே பாறசாலை தாலுகா மருத்துவமனைக்கும் நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனைக்கும் கேரள அரசும், குழித்துறை அரசு மருத்துவமனைக்கும் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் தமிழ்நாடு அரசும் தனித்தனியே பணியாளரை நியமிக்கின்றன. ஊதிய விகிதங்களை வகுப்பதும் அந்தந்த அரசே.

மூன்று வகை நியமனம்

எல்லையின் இரு பக்கங்களிலும் செவிலியரை மூன்று வகையினராகப் பிரித்துக் காணலாம்.

முதல் வகையினர் அரசின் நிரந்தரப் பணியாளர்கள். கேரளத்தில் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தர வரிசைப் பட்டியலிலிருந்து இவர்கள் நியமிக்கப்படுகின்றனர். 2014 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த ஊதியத் திருத்தத்தின்படி இரண்டாம் நிலைச் செவிலியரின் அடிப்படை ஊதியம் ரூ. 27,800-இல் தொடங்கியது. 2019 ஜூலை முதல் கணக்கிடப்பட்டு 2021-இல் ஆணையிடப்பட்ட அடுத்த திருத்தத்தில் அது ரூ. 39,300 ஆயிற்று. அகவிலைப்படியின் பெரும்பகுதி அடிப்படை ஊதியத்தில் சேர்க்கப்பட்டதும் இவ்வுயர்வுக்கு ஒரு காரணமாகும்.

இரண்டாம் வகையினர் அரசு மருத்துவமனையிலேயே பணிபுரியும் தற்காலிக, ஒப்பந்தச் செவிலியர். கேரளத்தில் வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாக 179 நாள் வரை நியமிக்கும் முறையும், மருத்துவமனை நிர்வாகக் குழு தன் நிதியிலிருந்து ஊதியம் வழங்கும் முறையும் உண்டு. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-இல் நடத்திய தேர்வின் வாயிலாக ஆயிரக்கணக்கான செவிலியர் மாதம் ரூ. 7,700 தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டனர். இரண்டாண்டு முடிந்ததும் காலமுறை ஊதியம் கிடைக்கும் என எதிர்பார்த்திருந்த இவர்கள் 2017 நவம்பர் இறுதியில் சென்னையில் திரண்டு போராடினர். பின்னர் தொகுப்பூதியம் ரூ. 14,000 ஆகவும், அதன்பின் ரூ. 18,000 ஆகவும் உயர்ந்தது.

மூன்றாம் வகையினர் தனியார் மருத்துவமனைச் செவிலியர். இவர்களது ஊதியத்திற்குச் சட்டப் பாதுகாப்பாக அமைவது குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கையாகும். 2011-12-இல் கேரளத்தில் எழுந்த செவிலியர் இயக்கமும், 2017 ஜூலையில் நடந்த போராட்டமும் இவ்வறிவிக்கைக்கு வழிவகுத்தன. 2018 ஏப்ரல் 23-ஆம் நாள் கேரள அரசு வெளியிட்ட அறிவிக்கை, தனியார் மருத்துவமனைச் செவிலியரின் அடிப்படை ஊதியத்தை ரூ. 20,000 என நிர்ணயித்தது. படுக்கைகள் மிகுந்த மருத்துவமனைகளுக்குக் கூடுதல் தொகையும் விதிக்கப்பட்டது.

இம்மூன்று வகையினரும் ஒரே மருந்தைச் செலுத்துகின்றனர். ஒரே பதிவேட்டை எழுதுகின்றனர். பிழை நேர்ந்தால் ஒரே அளவு பொறுப்பேற்கின்றனர். முதல் இரு வகையினர் ஒரே வார்டில் அருகருகே நின்று பணியாற்றுவதும் உண்டு. களியக்காவிளையைக் கடப்பதால் ஏற்படும் ஊதிய வேறுபாட்டைவிட, ஒரே வார்டுக்குள் நிரந்தரச் செவிலியருக்கும் ஒப்பந்தச் செவிலியருக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிதாக இருக்கக்கூடும் என்பதே கருதத்தக்கது.

உச்ச நீதிமன்றம் காட்டிய வழி

இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2016 ஜனவரி 29-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியத்தையும் பணி நிலைமையையும் ஆராய வல்லுநர் குழு அமைக்குமாறு மத்திய அரசுக்கு ஆணையிட்டது. சுகாதாரப் பணிகளின் தலைமை இயக்குநர் ஜகதீஷ் பிரசாத் தலைமையில் அமைந்த குழு, படுக்கை எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்டது. 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனையில் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் வழங்க வேண்டும். 100-க்கு மேற்பட்ட படுக்கைகள் இருந்தால் அதில் 10 விழுக்காட்டிற்கு மேல் குறையலாகாது. 50 முதல் 100 வரையெனில் 25 விழுக்காட்டிற்கு மேல் குறையலாகாது. 50-க்குக் குறைவாயினும் ரூ. 20,000-க்குக் கீழ் செல்லலாகாது. பணி நேரம், விடுப்பு, மருத்துவ வசதி, போக்குவரத்து, தங்குமிடம் ஆகியன அரசுப் பணிக்கு இணையாக அமைய வேண்டும் என்றும் குழு கூறியது.

இப்பரிந்துரையை அப்போதைய கேரள அடிப்படை ஊதியமான ரூ. 27,800-க்குப் பொருத்திப் பார்த்தால், பெரிய மருத்துவமனையில் ரூ. 27,800, அடுத்த நிலையில் ரூ. 25,020, அதற்கடுத்த நிலையில் ரூ. 20,850 எனக் கிடைக்கிறது. 2018-இல் கேரளம் விதித்த ரூ. 20,000 அன்றைய அரசு அடிப்படை ஊதியத்தில் ஏறத்தாழ 72 விழுக்காடு. 2021-இல் அரசு ஊதியம் ரூ. 39,300 ஆனபோது அதே ரூ. 20,000 ஏறத்தாழ 51 விழுக்காடாயிற்று. இவை அடிப்படை ஊதியத்தை மட்டும் ஒப்பிடும் கணக்குகள், அகவிலைப்படி தனி. எனினும் ஓர் உண்மை தெளிவாகிறது: ஒரு பக்கத்து ஊதியம் திருத்தப்படும்போது மறுபக்கத்து ஊதியம் நிலையாக நின்றால், நெருங்கி வந்த இடைவெளி மீண்டும் விரிகிறது.

மாத ஊதியமும் மணிக்கணக்கும்

மாத ஊதியத்தை மட்டும் ஒப்பிடுவது போதாது. எத்தனை மணி நேர உழைப்புக்கு அவ்வூதியம் என்பதையும் காண வேண்டும். ஒரு வார்டில் எந்நேரமும் ஒரு செவிலியர் இருக்க வேண்டுமானால் வாரத்திற்கு 168 மணி நேரப் பணி தேவை. ஒருவர் வாரம் 48 மணி நேரம் பணிபுரிந்தால் மூன்றரைப் பேர் வேண்டும். விடுப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் நால்வர் வேண்டும். மூவரை மட்டும் நியமித்தால் ஒவ்வொருவருக்கும் வாரம் 56 மணி நேரம் ஆகிறது. அதாவது, வார ஓய்வு மறைகிறது. இருவரை மட்டும் நியமித்தால் ஏழு நாளும் 12 மணி நேரம், வாரத்திற்கு 84 மணி நேரம் ஆகிறது.

ரூ. 20,000 ஊதியம் வாரம் 48 மணி நேரப் பணிக்கு என்றால் மணிக்கு ஏறத்தாழ ரூ. 96 ஆகிறது. அதே ஊதியம் 84 மணி நேரப் பணிக்கு என்றால் ரூ. 55 ஆகச் சுருங்குகிறது. சட்டம் விதித்த தொகையைக் குறைக்காமலே ஆட்குறைப்பின் வாயிலாக ஊதியத்தைக் குறைக்க இயலும் என்பதை இக்கணக்கு காட்டுகிறது. தொகுப்பூதியம் ரூ. 7,700 ஆக இருந்த காலத்தில், 48 மணி நேர வாரத்திற்கே மணிக்கு ரூ. 37 தான் கிடைத்தது.

ஆள் குறைவின் விளைவு செவிலியரோடு நிற்பதில்லை. பன்னிரண்டு மணி நேர இரவுப் பணியின் இறுதியில் களைத்த ஒருவர்தாம் விடியற்காலை ஊசிகளைச் செலுத்துகிறார். மூச்சுத் திணறும் முதியவரையும், அறுவை முடிந்து கண்விழிக்கும் நோயாளியையும் அவரே கவனிக்கிறார். பாதுகாப்பும் இதனுடன் இணைந்தது. 2023 மே மாதம் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில் பணியிலிருந்த இளம் பெண் மருத்துவர் ஒருவர் சிகிச்சைக்கு அழைத்து வரப்பட்டவரால் கொல்லப்பட்டார். அதன்பின் கேரளம் தன் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. தமிழ்நாட்டிலும் 2008 முதல் இத்தகைய பாதுகாப்புச் சட்டம் உண்டு. ஆயினும், இரவில் வார்டில் துணைக்கு இன்னொருவர் இருப்பது சட்டத்தைப் போன்றே தேவையான பாதுகாப்பாகும்.

இழப்பு யாருக்கு?

பணி நிலைமை இவ்வாறிருக்க, பயிற்சி பெற்ற செவிலியர் வளைகுடா நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் செல்ல விரும்புவதில் வியப்பில்லை. கல்விக் கடனை அடைக்கும் பொறுப்பு பலருக்கும் உண்டு. 2014 ஜூலையில் ஈராக் போர்க்களத்திலிருந்து 46 செவிலியர் கொச்சிக்கு மீட்டு வரப்பட்டபோது, அவர்கள் எத்தகைய இடர்களை ஏற்றுப் பணிக்குச் செல்கின்றனர் என்பதை நாடு அறிந்தது. முகவர்கள் பெருந்தொகை பறிப்பதைத் தடுக்க, குறிப்பிட்ட 18 நாடுகளுக்கான செவிலியர் தேர்வை அரசு நிறுவனங்கள் வழியாக மட்டுமே நடத்த வேண்டும் என 2015-இல் மத்திய அரசு விதித்தது.

வெளிநாடு செல்வது அவரவர் உரிமை. அதனால் குடும்பங்களும் வளம் பெறுகின்றன. ஆனால் இரண்டு மூன்று ஆண்டு அனுபவம் பெற்றவர்கள் ஒருசேர வெளியேறும்போது, வட்டார மருத்துவமனையில் புதியவர்களே எஞ்சுகின்றனர். அவ்விழப்பை இறுதியில் சுமப்பவர்கள் எல்லையோரச் சிற்றூர்களின் ஏழை நோயாளிகளே.

செய்யத் தக்கவை

முதலாவதாக, ஒவ்வொரு மருத்துவமனையும் படுக்கை எண்ணிக்கை, ஒப்பளிக்கப்பட்ட செவிலியர் பணியிடங்கள், காலியிடங்கள், ஒப்பந்தத்தில் பணிபுரிவோர், வாராந்திர சராசரிப் பணி நேரம் ஆகியவற்றை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இவ்விவரங்கள் இருந்தால்தான் இரு மாநில மருத்துவமனைகளை நேர்மையாக ஒப்பிட முடியும்.

இரண்டாவதாக, கேரளத்தில் 1990-களின் நடுவில் தாலுகா மருத்துவமனைகள் உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்கப்பட்டன. கட்டடத்தையும் கருவிகளையும் உள்ளாட்சிகள் பெருக்கும்போது, நிரந்தரப் பணியிடங்களை மாநில அரசு உடன் வழங்க வேண்டும். இல்லையேல் புதிய வார்டுகள் தற்காலிகப் பணியாளரை நம்பியே இயங்க நேரிடும்.

மூன்றாவதாக, குறைந்தபட்ச ஊதியத்தைக் குறித்த காலத்தில் திருத்த வேண்டும். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் இத்திருத்தத்திற்கு ஐந்தாண்டு உச்ச வரம்பு விதித்திருந்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டமும் அவ்வரம்பையே கொண்டுள்ளது.

நான்காவதாக, நிரந்தரத் தேவையுள்ள பணிக்கு ஒப்பந்த நியமனம் ஒரு குறுகிய இடைக்கால ஏற்பாடாக மட்டுமே இருக்க வேண்டும். எந்த நாளில், எந்த நிபந்தனையில் அது காலமுறை ஊதியமாக மாறும் என்பதை நியமன ஆணையிலேயே ஐயமற எழுத வேண்டும்.

பாறசாலையில் பணியாற்றும் செவிலியரும் குழித்துறையில் பணியாற்றும் செவிலியரும் செய்யும் தொழில் ஒன்றே. அவர்களுக்கு நல்லூதியமும் ஓய்வும் அளிப்பது ஒரு பிரிவினருக்குக் காட்டும் சலுகை அன்று. நள்ளிரவில் நோயாளி அழைக்கும்போது, அயர்வின்றி எழுந்து வர ஒருவர் இருப்பதற்கான ஏற்பாடு அது.