ஐப்பசி மழையும் ஊர் நூல்நிலையமும்

சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கி வைத்து வணங்குகிறோம். விஜயதசமி கழிந்தபின் அவற்றைத் திறக்கிறோமா? ஐப்பசி அடைமழை வீட்டோடு இருத்திவைக்கும் நாட்களே படிப்பதற்கு உகந்தவை.

படூர் நேயர்களே! 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, நம் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே செல்கிறது. நூல்நிலையத்து நூல்கள் நம் பணத்தில் வாங்கியவை. அவற்றைத் தீண்டாதிருப்பது சமைத்த சோற்றை உண்ணாதிருப்பதை ஒக்கும். 1931-ல் மன்னார்குடிப் பகுதியில் நூல்களே மாட்டுவண்டியேறி மக்களைத் தேடி வந்தன. நாம் நாலடி நடக்கலாகாதா?

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். புத்தகக் கண்காட்சியும் சிறுவர் போட்டிகளும் நடைபெறுவது வழக்கம். குழந்தைகளை அழைத்துச் சென்று உறுப்பினராக்குங்கள். ஏடு தேடி ஊரூராய் அலைந்த உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ குடும்பத்தோடு படிக்கத் தக்கது. கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ படித்து, மழை ஓய்ந்ததும் தெற்கே மாமல்லபுரம் சென்று பாருங்கள், கல்லும் பேசும்!